நிறம் போச்சு, சாயம் எங்கே போச்சு?

போன இதழில் சாயக் கழிவுநீரைப் பற்றி எழுதும்போது, மட்கு உரம் சில சாயங்களை நன்றாகவே பிடித்து வைத்துக்கொள்ளும் என்று போகிற போக்கில் ஒரு வரி சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைப் பற்றித்தான். அதனால் இந்த முறை முழுக்க அதுவே.

கேள்வி: குப்பை மட்கினால் உரம், அவ்வளவுதானே. அதற்குச் சாயத்தைப் பிடிக்கிற குணம் எங்கிருந்து வந்தது?

பதில்: மின்சுமையிலிருந்து. இலை, தண்டு, சாணம் எல்லாம் மட்கும்போது சர்க்கரை, மாவுச்சத்து, புரதம் போன்றவற்றை நுண்ணுயிர்கள் முதலில் தின்று தீர்த்துவிடும். செடிக்கு விறைப்பு தருகிற, சுலபத்தில் செரிக்காத லிக்னின் என்ற பொருளும், அது சிதைந்து மாறி உண்டான கரும்பழுப்புப் பொருட்களும் மிஞ்சி நிற்கும். ஹியூமிக் அமிலம், ஃபல்விக் அமிலம் என்று சொல்வது இந்தக் கூட்டத்தைத்தான். இந்த மூலக்கூறுகளில் கார்பாக்சில், ஃபீனால் தொகுதிகள் நிறைய இருக்கும். தண்ணீரில் போட்டதும் அவை ஹைட்ரஜன் அயனியைக் கழற்றி விட்டுவிட்டு எதிர்மின்சுமையோடு நிற்கும், கார்பாக்சில் சுலபமாக, ஃபீனால் காரத்தன்மை ஏறினால்தான். உரம் போட்ட மண்ணில் பொட்டாசியமும் கால்சியமும் மழையோடு அடித்துக்கொண்டு போகாமல் தங்குவதற்கும் இதே சுமைதான் காரணம்.

அந்த இடத்துக்கு நேர்மின்சுமையுள்ள ஒரு சாய மூலக்கூறு வந்தால் ஒட்டிக்கொள்ளாமல் என்ன செய்யும்? மெத்திலீன் நீலம், கிறிஸ்டல் வயலட், மாலகைட் பச்சை எல்லாம் அந்த வகை. பேசிக் சாயம் என்பார்கள், துணியில் பெரும்பாலும் அக்ரிலிக்குக்குப் போடுவது. (1856-ல் வில்லியம் பெர்கின் 18 வயதில் வேறு எதையோ செய்யப்போய்க் கண்டுபிடித்து, செயற்கைச் சாயத் தொழிலையே தொடங்கிவைத்த மாவீனும் இந்த ஜாதிதான்.) சுமையைத் தவிர, சாய மூலக்கூறின் தட்டையான வளையங்கள் ஹியூமிக் பொருளின் வளையங்கள்மேல் படிந்துகொள்வதும் உண்டு, ஹைட்ரஜன் பிணைப்பும் கொஞ்சம் கைகொடுக்கும். ஆனால் முக்கியமான வேலையைச் செய்வது சுமைதான். இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரப்போகிற பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள்.

கேள்வி: ஆய்வுக் கட்டுரைகளில் 95 சதவீதம், 98 சதவீதம் சாயம் நீங்கியது என்று போடுகிறார்களே, அதை அப்படியே நம்பலாமா சார்?

பதில்: எண் பொய்யாக இருக்காது. ஆனால் தனியாக நிற்கிற சதவீதம் எதையும் சொல்லாது. எந்தக் கட்டுரையைப் படித்தாலும் மூன்று விஷயங்களைத் தேடிப் பாருங்கள்.

முதலில், எந்தச் சாயம்? மெத்திலீன் நீலம் என்றால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை, மரத்தூளும் உமியும் காய்ந்த இலையும்கூட அதைப் பிடிக்கும். கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறது, அளக்கச் சுலபம், எதிலும் ஒட்டும், அதனால் எல்லா ஆய்வுக்கூடத்துக்கும் அது செல்லப்பிள்ளை. அப்புறம், எவ்வளவு தண்ணீருக்கு எவ்வளவு உரம்? ஒரு லிட்டரில் 50 மில்லிகிராம் சாயத்தைக் கரைத்து அதில் 20 கிராம் உரத்தைக் கொட்டினால் 98 என்ன, 99-ம் வரும். உரத்தின் அளவைக் கூட்டக் கூட்டச் சதவீதம் ஏறும், ஒரு கிராம் உரம் பிடிக்கிற சாயத்தின் அளவோ இறங்கிக்கொண்டே போகும். பயன்படுத்தப் போகிறவருக்கு வேண்டியது இரண்டாவது எண். இர்விங் லாங்முயர் 1918-ல் வெளியிட்ட சமன்பாடு ஒன்று இந்த வேலைக்குத்தான் இன்றும் ஓடுகிறது. பரப்பில் இருக்கைகள் இத்தனைதான், ஒவ்வொன்றிலும் ஒருவர்தான் உட்காரலாம், எல்லாம் நிரம்பினால் அடுத்து வருபவர் நின்றுகொண்டே போக வேண்டியதுதான் என்பது அவர் கணக்கு. அந்த நிரம்பும் அளவை ஒரு கிராமுக்கு இத்தனை மில்லிகிராம் என்று கட்டுரையில் தந்திருப்பார்கள். அதுவும் சமன்பாட்டைப் பொருத்தி எடுத்த உச்ச எண், நடைமுறையில் அதைத் தொட முடியாது.

மூன்றாவதுதான் பலரும் விட்டுவிடுவது: என்ன தண்ணீர்? வாலை வடிநீரில் ஒரே ஒரு சாயத்தைக் கரைத்துச் செய்த சோதனையா, பட்டறையிலிருந்து நேரே பிடித்து வந்த நீரா? நிஜக் கழிவுநீரில் உப்பு, சோடா, சோப்பு, நூலிலிருந்து கழன்ற பசை, ஒரே நேரத்தில் நாலைந்து சாயம் எல்லாம் இருக்கும். அவையும் அதே இருக்கைக்குத்தான் போட்டி போடும்.

கேள்வி: சின்னதாகப் பருத்தித் துணிக்குச் சாயம் போடும் பட்டறை வைத்திருக்கிறேன். பெரும்பாலும் ரியாக்டிவ் சாயம்தான். ஒரு தொட்டி நிறைய மட்கு உரம் போட்டு அதன் வழியாகக் கழிவுநீரை விட்டால் சுத்திகரிப்புச் செலவைக் குறைக்க முடியுமா?

பதில்: நேராகவே சொல்லிவிடுகிறேன், உங்கள் நீருக்கு இது சரிப்படாது. காரணங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கின்றன.

ரியாக்டிவ் சாயம், அதாவது பருத்தி நாரோடு வேதிவினை புரிந்து ஒட்டுகிற சாயம், தண்ணீரில் நன்றாகக் கரைய வேண்டும் என்பதற்காக அதன் மூலக்கூறில் சல்ஃபோனேட் தொகுதிகளை ஏற்றியிருப்பார்கள், அதனால் அது எதிர்மின்சுமை உள்ளது. உரத்தின் பரப்பும் எதிர்மின்சுமை. இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். கட்டுரைகளில் இதையும் உரம் பிடித்ததாகப் பார்க்கலாம், ஆனால் பிஎச் என்ன என்று பாருங்கள், 2 அல்லது 3 என்று இருக்கும். அந்த அளவு அமிலத்தில் கார்பாக்சில் தொகுதிகள் தங்கள் சுமையை இழந்துவிடும், உரத்திலுள்ள சில நைட்ரஜன் தொகுதிகள் நேர்மின்சுமை பெறும், சாயம் ஒட்டும். உங்கள் கழிவுநீரோ சோடா ஆஷ் என்கிற காரம் போட்ட நீர், பிஎச் 10-க்கு மேலே நிற்கும். அதை 3-க்குக் கொண்டுவர அமிலம் ஊற்றி, வெளியே விடுமுன் மறுபடியும் காரம் ஊற்றி நடுநிலைக்குக் கொண்டுவந்தால் ஏற்கெனவே இருக்கிற உப்போடு இன்னும் உப்பு சேரும்.

இதைவிட மோசம், ஹியூமிக் அமிலம் காரத்தில் கரையும். ஆய்வுக்கூடத்தில் மண்ணிலிருந்தும் உரத்திலிருந்தும் அதைப் பிரித்தெடுக்கிற வழியே காரக் கரைசலில் ஊறவைப்பதுதான். அதாவது உங்கள் சூடான கார நீரை உரத்தின் வழியாக விட்டால், சாயம் அப்படியே வெளியே வரும், கூடவே உரத்தின் பழுப்பும் இறங்கி வரும். காசு கொடுத்து வாங்கிய தொல்லை.

உப்பு இன்னொரு பக்கம். ரியாக்டிவ் சாயம் பருத்தியில் ஏற ஒரு லிட்டர் சாயக் குளியலுக்குப் பல பத்து கிராம் உப்பு போடுகிறீர்கள். அந்த உப்பில் ஒரு துளியைக்கூட உரம் எடுக்காது. அதற்குச் சவ்வு வழியாக எதிர்ச் சவ்வூடு பரவல், பிறகு ஆவியாக்கல் என்று போவதைத் தவிர வேறு குறுக்குவழி இல்லை.

கடைசியாக எடைக் கணக்கு. உங்கள் நீரில் லிட்டருக்கு 100 மில்லிகிராம் சாயம், உரம் கிராமுக்கு 10 மில்லிகிராம் பிடிக்கிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 10 கிராம் உரம் வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு லட்சம் லிட்டர் என்றால் தினமும் ஒரு டன் உரம், அதுவும் உலர் எடையில். மறுநாள் காலையில் அது தண்ணீர் குடித்து உப்பிய சாயச் சேறாக உங்கள் முற்றத்தில் கிடக்கும். அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவீர்கள்?

உங்களுக்குப் பலன் தருகிற இடம் இதற்கு முன்னாலேயே இருக்கிறது. ரியாக்டிவ் சாயத்தில் சாதாரணமாகவே ஒரு பங்கு நூலில் பிடிக்காமல் தண்ணீரோடு வினைபுரிந்து வீணாகிவிடும், சில சாயங்களில் அது பாதியை நெருங்கும். பிடிப்பு அதிகமுள்ள, இரண்டு வினைத்தொகுதி கொண்ட சாயங்களுக்கு மாறினால், குளியல் நீரைக் குறைத்தால், கழிவில் வருகிற சாயமே குறையும். குழாயின் கடைசியில் உட்கார்ந்து பிடிப்பதைவிட இது சுலபம்.

கேள்வி: ஆர்வத்தில் நீல நிறத் தண்ணீரில் உரத்தைப் போட்டுப் பார்த்தேன். நீலம் போய்விட்டது, ஆனால் தண்ணீர் தேநீர் மாதிரி ஆகிவிட்டதே?

பதில்: ஆகும். உரத்தில் கரையக்கூடிய ஹியூமிக், ஃபல்விக் பொருட்களும், நைட்ரேட், பாஸ்பேட், பொட்டாசியம் உப்புகளும் இருக்கின்றன, முதல் ஊறலிலேயே அவை இறங்கிவிடும். பாதி மட்கிய உரமாக இருந்தால் இன்னும் மோசம், நாற்றமும் வரும், நீரின் சிஓடி (அதிலுள்ள கரிமக் கழிவை வேதிமுறையில் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜனின் அளவு) முன்பிருந்ததைவிட ஏறிப்போகும். சூடு முழுக்கத் தணிந்து, மண் வாசனை வருகிற முதிர்ந்த உரத்தை எடுத்துச் சலித்து, ஊறல் நீர் கிட்டத்தட்டத் தெளிவாக வரும்வரை பலமுறை அலசி, உலர்த்திப் பிறகு பயன்படுத்துங்கள். அலசிய நீரைச் செடிக்கு ஊற்றலாம், அது வெறும் உரநீர்தான்.

கேள்வி: உரத்தில் கோடிக்கணக்கில் நுண்ணுயிர்கள் இருக்கின்றன. அவை சாயத்தைத் தின்றுவிடாதா? பிடித்து வைப்பதைவிட அதுதானே நிரந்தரத் தீர்வு?

பதில்: நல்ல கேள்வி, ஆனால் பதில் கொஞ்சம் சிக்கல். துணிச் சாயங்களில் பாதிக்கு மேல் அசோ வகை. இரண்டு நைட்ரஜன் அணுக்கள் இரட்டைப் பிணைப்பால் கைகோத்து, இருபுறமும் வளையங்களைப் பிடித்துக்கொண்டிருக்கும், நிறம் அந்த இணைப்பால்தான். காற்றில்லாத இடத்தில், அதாவது நீரில் மூழ்கிக் கிடக்கிற உரத்துக்குள், பல பாக்டீரியாக்கள் அந்தப் பிணைப்பை வெட்டிவிடும். நிறம் மாயமாகும். பார்க்க வெற்றி மாதிரி இருக்கும்.

வெட்டின துண்டுகள் எங்கே போயின? அங்கேயேதான் இருக்கின்றன, அரோமேட்டிக் அமீன்களாக, நிறமில்லாமல். அவற்றில் எல்லாமே ஆபத்தானவை அல்ல, ஆனால் பென்சிடின் போன்ற சில மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உறுதியானவை. இப்படிப்பட்ட அமீன்களை விடுவிக்கிற அசோ சாயங்களைத் துணிகளில் ஐரோப்பிய ஒன்றியம் 2002-ல் தடை செய்தது, வரம்பு ஒரு கிலோ துணிக்கு 30 மில்லிகிராம். சட்டம் கவலைப்பட்டது நிறத்தைப் பார்த்து அல்ல, நிறம் போன பிறகு மிஞ்சுவதைப் பார்த்து. இந்த அமீன்களில் பலவற்றைச் சிதைக்கக் காற்றுள்ள கட்டம் வேண்டும். ஆகவே உயிரியல் முறையில் செய்பவர்கள் முதலில் காற்றில்லாத் தொட்டி, அடுத்து காற்றூட்டும் தொட்டி என்று இரண்டு படியாக வைப்பார்கள். அடியில் அழுகி மேலே நாறுகிற உரத் தொட்டி இந்த இரண்டாவது படியைச் செய்யாது. சல்ஃபோனேட் ஏறிய அமீன்கள் சில காற்றூட்டினாலும் பிடிவாதமாக நிற்கும்.

காற்றுள்ள சூழலிலேயே வேலை செய்கிறவர்கள் வேறு இருக்கிறார்கள்: மரத்தை வெளுத்து அழுக வைக்கிற வெள்ளை அழுகல் பூஞ்சைகள். ஃபனரோகீட் கிரைசோஸ்போரியம், டிராமெட்டஸ் வெர்சிகலர் இரண்டும் இந்தத் துறையில் ரொம்பப் பிரபலம். லிக்னின் ஒழுங்கில்லாத, உடைக்கக் கடினமான மூலக்கூறு. அதை உடைக்க இவை வெளியே விடுகிற லாக்கேஸ், பெராக்சிடேஸ் நொதிகள் ஆள் பார்த்துத் தாக்குபவை அல்ல, வளையம் உள்ள எதையும் பதம் பார்க்கும், சாயத்தையும் சேர்த்து. அதனால்தான் காளான் அறுவடை முடிந்தபின் மிஞ்சும் படுக்கைக்கு இந்த ஆய்வுகளில் தனி மதிப்பு. சிப்பிக் காளான் வளர்த்த வைக்கோல் என்றால் பிடித்து வைக்கிற நாரும் இருக்கும், நொதியும் மிச்சம் இருக்கும். என்னைக் கேட்டால் சாதாரண மட்கு உரத்தைவிட இந்தப் பாதையில்தான் எனக்கு நம்பிக்கை அதிகம். ஆனால் இந்த நொதிகளுக்கு லேசான அமிலத்தன்மை பிடிக்கும், கார நீரில் சுருண்டுவிடும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

உங்கள் உரத்தில் நடந்தது பிடிப்பா, சிதைவா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதே உரத்தில் ஒரு பகுதியை அழுத்தக் கொதிகலனில் வைத்து உயிர்களைக் கொன்றுவிட்டு, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிப் பாருங்கள். சில மணி நேரத்தில் இரண்டிலும் ஒரே அளவு நிறம் இறங்கினால் அது பிடிப்பு. உயிருள்ளதில் மட்டும் நாள்கணக்கில் மெல்ல இறங்கினால் சிதைவு. பிடிப்பு என்றால் உரத்தைச் சாராயம் அல்லது அமிலத்தில் அலசும்போது சாயத்தில் ஒரு பங்காவது திரும்பி வரும்.

கேள்வி: சாயம் பிடித்த உரத்தைத் திரும்ப வயலுக்குப் போடலாமா?

பதில்: கூடாது. சாயம் அழியவில்லை, தண்ணீரிலிருந்து உரத்துக்கு வீடு மாறியிருக்கிறது, அவ்வளவுதான். மண்ணின் பிஎச் மாறினால், உப்பு நீர் பாய்ந்தால், மறுபடியும் கிளம்பும். சில சாயங்களின் மூலக்கூறிலேயே செம்பு, குரோமியம் போன்ற உலோகங்கள் இருக்கும், ஹியூமிக் பொருட்கள் உலோகத்தைச் சாயத்தைவிடவும் இறுக்கமாகப் பிடிக்கும், ஆக அவையும் உரத்தில் சேர்ந்திருக்கும். சோதனைக்கூட அளவில் என்றால் உலர்த்தித் தனிப் பையில் போட்டு வேதிக் கழிவோடு சேர்த்துவிடுங்கள். பெரிய அளவில் என்றால் முறையான எரிஉலை அல்லது பாதுகாக்கப்பட்ட நிலநிரப்பு, இரண்டுக்கும் அனுமதி வாங்க வேண்டும். இந்தச் செலவைக் கணக்கில் சேர்க்காமல் உரம் மலிவு என்று சொல்கிற யாரையும் நான் நம்புவதில்லை.

கேள்வி: கிளர்வூட்டப்பட்ட கரியோடு ஒப்பிட்டால்?

பதில்: கரிதான் ஜெயிக்கும். ஒரு கிராம் கரியில் 500 முதல் 1500 சதுர மீட்டர் வரை உட்பரப்பு உண்டு, உரத்தில் சாதாரணமாகச் சில சதுர மீட்டர்தான். உரம் பரப்பை நம்பி ஓடவில்லை, சுமையை நம்பி ஓடுகிறது, அதனால் பேசிக் சாயத்தில் மட்டும் போட்டிக்கு வரும். கரியை மறுபடியும் சூடாக்கிப் புதுப்பிக்கலாம், உரத்தை அப்படிச் செய்ய முடியாது. மட்கு உரத்தையே காற்றில்லாமல் சுட்டுக் கரியாக்குவதும் உண்டு, ஆனால் அப்போது அது உரம் இல்லை, வேறு பொருள்.

கேள்வி: கல்லூரி இறுதியாண்டுத் திட்டத்துக்கு இதை எடுத்திருக்கிறோம். வழிகாட்டிப் பேராசிரியர் மெத்திலீன் நீலம் எடுக்கச் சொல்கிறார். என்னென்ன கவனிக்க வேண்டும்?

பதில்: மெத்திலீன் நீலம் தொடங்குவதற்கு நல்லதுதான் தம்பி, ஆனால் கூடவே ஓர் எதிர்மின்சுமைச் சாயத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள், மெத்தில் ஆரஞ்சு போதும். இரண்டையும் ஒப்பிட்டால்தான் திட்டத்தில் சொல்ல ஏதாவது இருக்கும். மெத்திலீன் நீலம் மட்டும் என்றால் முடிவு தொடங்கும்போதே தெரிந்த கதை.

லிட்டருக்கு 5 முதல் 100 மில்லிகிராம் வரை சில செறிவுகள், ஒவ்வொன்றிலும் அலசி உலர்த்திச் சலித்த உரம், லிட்டருக்கு 2 கிராம் அளவில் தொடங்குங்கள். குலுக்கியில் வைத்து, முதல் ஒரு மணி நேரம் அடிக்கடியும் பிறகு நிதானமாகவும் மாதிரி எடுத்து, நிறம் மேற்கொண்டு இறங்காத நேரத்தைக் கண்டுபிடியுங்கள். மெத்திலீன் நீலத்தை ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரில் 664 நானோமீட்டரில் அளக்க வேண்டும், அளவு அதிகமாகக் காட்டினால் தண்ணீர் சேர்த்து நீர்க்கச் செய்துவிட்டு அளந்து பாருங்கள். வடிதாளே மெத்திலீன் நீலத்தைக் குடிக்கும் என்பதை நிறையப் பேர் கவனிப்பதில்லை, உரம் பிடித்த கணக்கில் வடிதாள் பிடித்ததும் சேர்ந்துவிடும். மையவிலக்கி இருந்தால் வடிகட்டவே வேண்டாம்.

ஒப்பீட்டுக் குடுவைகள் இரண்டு கட்டாயம்: சாயம் இல்லாமல் உரமும் நீரும், உரம் இல்லாமல் சாயம் மட்டும். முதலாவது உரத்திலிருந்து இறங்கும் பழுப்பு எவ்வளவு என்று காட்டும், அதைக் கழிக்காவிட்டால் எண்கள் எல்லாம் தப்பாகிவிடும். பிஎச்சைத் தொடக்கத்திலும் முடிவிலும் இரண்டு தடவை எழுதிவையுங்கள், ஏனென்றால் உரம் தானே பிஎச்சை இழுத்து நடுநிலைக்குக் கொண்டுவரப் பார்க்கும், நீங்கள் 3 என்று வைத்தது முடிவில் 6 ஆகியிருக்கலாம். ஒரு வரிசையில் உப்பையும் சேர்த்துப் பாருங்கள், நிஜக் கழிவுநீருக்குக் கொஞ்சமாவது பக்கத்தில் வரும்.

குழாயில் உரத்தை நிரப்பி நீரை விடுகிற சோதனையும் செய்ய ஆசை என்றால், வெறும் உரத்தை அடைக்காதீர்கள். ஈரத்தில் அது ஊறி இறுகி, நீர் நின்றுவிடும் அல்லது ஓரமாக ஒரு தடம் பிடித்து உரத்தைத் தொடாமலே ஓடிவிடும். கழுவிய பருமணலோடு கலந்து நிரப்புங்கள்.

கேள்வி: நிறம் முழுக்கப் போன நீரைத் தோட்டத்துக்குப் பாய்ச்சலாம்தானே?

பதில்: சிஓடி, உப்பு, பிஎச், உலோகம் இத்தனையும் அளந்து பார்த்துவிட்டுக் கேளுங்கள். சாயம் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் இருந்தாலே கண் கண்டுபிடித்துவிடும், உப்பு பல ஆயிரம் மில்லிகிராம் இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. செடி வாடுவது பெரும்பாலும் அந்தத் தெரியாத உப்பால்தான்.

கேள்வி: நான் இயற்கைச் சாயம் மட்டும்தான் போடுகிறேன். எனக்கு இந்தத் தலைவலி கிடையாதே?

பதில்: குறைவு, ஆனால் இல்லை என்று சொல்ல முடியாது. நிறமூட்டி ஏற நிறம் பிடிப்பான் போடுவீர்கள் அல்லவா, படிகாரம் என்றால் அலுமினியம், துருசு என்றால் செம்பு, இன்னும் சிலர் குரோமிய உப்பு. மிச்ச நீரில் அந்த உலோகம் இருக்கும். சுவாரசியம் என்னவென்றால் மட்கு உரம் உண்மையிலேயே நன்றாக வேலை செய்கிற இடங்களில் இதுவும் ஒன்று, செம்பை ஹியூமிக் பொருட்கள் வலுவாகப் பிடிக்கும். பிடித்த உரத்தைத் தோட்டத்தில் போடக் கூடாது என்பது உங்களுக்கும் பொருந்தும். குரோமியத்தைக் கைவிட்டுவிடுங்கள், செம்பை முடிந்தால் குறையுங்கள், படிகாரக் குளியலைக் கொட்டாமல் அடுத்த துணிக்கும் கொஞ்சம் படிகாரம் சேர்த்துப் பயன்படுத்துங்கள்.